திரும்பிப் போன கிரீம் பன்

அத்தியாயம் 14

பெமிலா காலை ஐந்தரை மணிக்கே எழுந்து ஒரு பெரிய சருவம் நிறையச் சிறுபயறு வேகவைத்து இறக்கிவிட்டாள். தேங்காய் துருவியாயிற்று, கருப்பட்டி தட்டியாயிற்று. இன்று அவள் வீட்டு முறை.

முறை என்றால் என்ன என்று, இடையில் ஓரிரு வாரம் விட்டுப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறையில் சபையில் பத்து நாள் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, நடக்கிறது. பாட்டு, கதை, மனப்பாட வசனம், பதினொரு மணிக்குத் தின்பண்டம். ஒரு நாளைக்கு ஒரு வீட்டார் தின்பண்டத்தைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். பிள்ளைகள் தின்று முடிக்கும்போது அந்த வீட்டாரின் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். அறுபது பிள்ளைகளும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காகவே மார்த்தாண்டம் வரை போய் முட்டை பப்ஸ் வாங்கி வந்தவர்கள் நம் ஊரில் உண்டு.

இந்த வருடம் பப்ஸுக்கு வேட்டு வைத்தவள் பெமிலாதான். அவள் கணவன் எட்சன் மஸ்கட்டிலிருந்து நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை நோயோடு திரும்பி வந்தான். அன்றைக்குப் பிடித்த பயம் அவளை இன்னும் விடவில்லை. மகள் அஜிதாவுக்குப் பத்து வயது. அவளுக்கும் வந்துவிடுமோ என்று வீட்டில் மைதாவை ஒழித்தாள், பாக்கெட் தின்பண்டத்தை ஒழித்தாள், கலர் ஜூஸை ஒழித்தாள். அதோடு நின்றிருக்கலாம். அறிவியல் டீச்சர் ஆயிற்றே, நிற்க முடியுமா? வி.பி.எஸ். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து அரை மணி நேரம் பேசி, இனி அவித்தது, பழம், வீட்டில் செய்தது மட்டும்தான் என்று சட்டம் போட வைத்தாள். பெரிய வண்ணத்தாளில் கீரையும் பயறும் மீனும் வரைந்து சுவரில் ஒட்டினாள். நாளைக்கு நிறைவு விழா. 'குழந்தைகளின் உணவு' என்று பெற்றோர் முன்னால் பதினைந்து நிமிடம் பேசப் போகிறவளும் அவள்தான்.

"அஜிதா, குளிச்சாச்சா? மணி ஏழாச்சு மக்கா."

"நான் வரல."

"என்னத்துக்கு? இண்ணைக்கு நம்ம வீட்டுப் பயறுல்லா?"

"எனக்கு வேண்டாம். காலத்த காப்பியும் வேண்டாம். ஜினிஷா வந்தாத்தான் நானும் போவேன். மூணு நாளாச்சு அவ வந்து."

"அவளுக்குக் காய்ச்சலா இருக்கும்."

"காய்ச்சல் ஒண்ணும் இல்ல. பிள்ளைய எல்லாம் அவள 'குப்ப பன்னு, குப்ப பன்னு'ன்னு விளிக்கு. அதான் வரல." அஜிதா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அந்தப் பேர நீதான் வச்ச."

கோதம்புப் புட்டும் பயறுமாகச் சாப்பிட உட்கார்ந்த எட்சன் திரும்பிப் பார்த்தான். "அதென்னட்டி குப்ப பன்னு?"

பெமிலாவுக்குக் கை ஓடவில்லை. நாலு நாளாகக் கணவனிடம் சொல்லாமல் மறைத்த கதை அது. மறைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்கே அதை நினைக்க விருப்பமில்லை.

ஐந்தாம் நாள் செல்லபாயின் முறை. செல்லபாய் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். கணவன் கேரளாவில் ரப்பர் வெட்டுக்குப் போய் மாதம் ஒரு தடவை வருவான். அவள் மகள் ஜினிஷாவும் நம் அஜிதாவும் ஒரே வயது, ஒரே வகுப்பு, உட்காருவதும் ஒரே பாயில். அன்று செல்லபாய் வெளுத்த சேலை உடுத்தி, இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் அறுபது கிரீம் பன். பிள்ளைகள் வரிசையில் நின்று எட்டிப் பார்த்துக் குதித்தார்கள். ஜினிஷா முன்வரிசையில் நின்று, 'எங்க அம்மையாக்கும்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெமிலா பெட்டியைத் திறந்து பார்த்தாள். 'இந்தக் குப்பைய எல்லாம் பிள்ளையளுக்குக் குடுக்க முடியாது. எடுத்துட்டுப் போங்க' என்றாள். அந்த வார்த்தைகளில்தான் சொன்னாள், அந்தச் சத்தத்தில்தான் சொன்னாள். பிறகு கடைக்கு ஆள் அனுப்பி வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தாள்.

இதைப் பாதிதான் அவள் சொன்னாள். மீதியை அஜிதா தலையணைக்குள்ளிருந்தே சொல்லி முடித்தாள்.

எட்சன் புட்டை அப்படியே வைத்துவிட்டான். "பெமிலா, நீ காணிக்கையத் திருப்பி அனுப்பினியா?"

"அது மைதாவும் வனஸ்பதியும் சீனியும். உங்களுக்கு வந்த சீக்கு அந்தப் பிள்ளையளுக்கு வரண்டாம்னுதான் நான்..."

"எனக்க சீக்க இதுக்குள்ள இழுக்காத. ஒருத்தி ஆண்டவருக்குன்னு கொண்டு வந்தத திரிச்சு அனுப்ப நீ யாரு? அவளுக்கு உனக்க சட்டம் தெரியுமா? கூட்டத்துக்கு வந்தாளா அவ?"

வரவில்லை. கூட்டம் வேலை நாளில் பத்து மணிக்கு. அண்டி ஆபீஸில் அந்த நேரத்துக்கு விடமாட்டார்கள் என்பது பெமிலாவுக்குத் தெரியும். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். எல்லோரும் அப்படியே நினைத்தார்கள்.

"அப்போ மூணாம் நாளு டாக்டர் வீட்டுக் கேக்க மட்டும் வாங்கினல்லா?" என்றாள் அஜிதா.

"அதுல பாதாமும் உலர்ந்த பழமும்..." என்று தொடங்கிய பெமிலாவால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அந்தக் கேக்கின்மேல் ஒரு விரல் கனத்துக்குச் சீனிப்பூச்சு இருந்தது. கார் வாசலில் நின்றது, டாக்டரின் மனைவி சிரித்தாள், பெமிலாவும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாள். அதே கேக்கைச் செல்லபாய் கொண்டு வந்திருந்தால்? அவளுக்கு முகம் காந்தியது. தன் வீட்டு அடுக்களையில், தன் கணவனும் பிள்ளையும் மட்டும் இருக்கிற இடத்தில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பயறு என்னவோ சபைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எட்சன் வண்டியில் சருவத்தை ஏற்றி இறக்கி வைத்தான்.

பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பயறை வாங்கித் தின்றார்கள். சிலர் தேங்காயை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை மதிலுக்கு வெளியே கொட்டியதையும் பெமிலா பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் பிடித்து நிறுத்திப் புரதம் என்றால் என்னவென்று பாடம் எடுத்திருப்பாள். இன்று பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

நேசபாய் அக்காள் மைக்கைத் தட்டினாள். வி.பி.எஸ்.ஸை இருபது வருடமாக நடத்துகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவள். "இண்ணைக்கு நமக்கு அருமையான, ஆரோக்கியமான தின்பண்டம் தந்தது எட்சன், பெமிலா குடும்பத்தார். கர்த்தர் அவங்களை ஆசீர்வதிப்பாராக!"

பிள்ளைகள் பயறை வாயில் வைத்துக்கொண்டே கை தட்டினார்கள். எத்தனையோ வருடம் அந்தக் கைதட்டலைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்தவள்தான். இன்று அது ஓய்ந்தால் போதும் என்று இருந்தது.

கூட்டம் கலைந்ததும் நேசபாயிடம் போனாள். "அக்கா, அஞ்சாம் நாளு யாருக்க பேர வாசிச்சீங்க?"

"யாருக்க பேரையும் வாசிக்கல. பழம் நீதானே வாங்கித் தந்த? உனக்க பேர வாசிக்கட்டான்னு கேட்டேன். எனக்குப் பேரெல்லாம் வேண்டாம் அக்கான்னு சொன்னியே, மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அப்படிச் சொன்னபோது தன் தாழ்மையை எண்ணித் தானே கொஞ்சம் மகிழ்ந்ததுகூட மறக்கவில்லை.

நேசபாய் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லுகேன் கேளு. அண்ணைக்கு செல்லபாய் உடனே போகல. பெட்டிய வேப்ப மரத்து மூட்டுல வச்சிட்டு ஜன்னல் பக்கமா வந்து நின்னா. பேரு வாசிக்கிய நேரம் கழியது வரைக்கும் நின்னா. பன்ன வாங்காட்டாலும் பேரையாவது வாசிப்பாவன்னு நெனச்சிருப்பா போல. நான் அவளக் கண்டேன். கண்டும் எனக்கு வாய் வரல. உன்ன மட்டும் குத்தம் சொல்ல எனக்கு அருகதை இல்ல பிள்ள."

பெமிலா சருவத்தைக் கழுவாமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மத்தியானம் முழுக்க ஒரே போராட்டம். போக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. என்ன கொண்டு போவது? ஆப்பிள் வாங்கலாமா? அவள் பன்னைத் திருப்பிவிட்டு, நான் ஆப்பிளோடு போய் நிற்பதா? மட்டிப்பழம் ஒரு சீப்பு? அதுவும் அன்றைய வாழைப்பழத்தை ஞாபகப்படுத்தும். வெறுங்கையோடு போகவும் வெட்கம், எதையாவது கொண்டு போகவும் வெட்கம். கடைசியில் அண்டி ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்து வெறுங்கையோடுதான் கிளம்பினாள். அஜிதா கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள். காலையிலிருந்து அந்தப் பிள்ளை தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை.

பாசனச் சானல் கரையோடு நடந்து, ரப்பர் தோட்டத்தைத் தாண்டினால் செல்லபாயின் வீடு. கதவு திறந்திருந்தது. ஜினிஷா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். செல்லபாய் அப்போதுதான் வேலைவிட்டு வந்து, முந்திரித்தோட்டின் பால் பட்டுக் கறுத்த விரல்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் டீச்சரைக் கண்டதும் அவள் செய்த முதல் வேலை, ஓடிப் போய் அடுப்பின்மேல் இருந்த சட்டியை மூடியதுதான். அடுத்து, மகள் முன்னாலிருந்த தட்டைக் காலால் சுவர் ஓரமாகத் தள்ளினாள்.

ஆனால் பெமிலா பார்த்துவிட்டாள். சம்பா அரிசிக் கஞ்சி. பயறும், பலாவின் சக்கைக்குருவும், முருங்கைக்கீரையும் போட்ட கூட்டான். பக்கத்தில் பொரித்த சாளை மீன் இரண்டு. சபைச் சுவரில் அவள் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த படம் அப்படியே ஒரு தட்டில் இருந்தது. அதை ஒருத்தி அவளுக்குப் பயந்து மறைக்கிறாள்.

"டீச்சரா! வாங்க, இருங்க." செல்லபாய் முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். "கட்டஞ்சாயா போடட்டா? சீனி போடாமத் தாறேன்."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மரியாதைக்காகத்தான் சொன்னாள். அதுதான் பெமிலாவுக்கு இன்னும் வலித்தது.

அஜிதாவுக்கு இந்த உபசாரமெல்லாம் தேவைப்படவில்லை. நேரே போய் ஜினிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜினிஷா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தட்டை இழுத்து, ஒரு சாளையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். அஜிதா முள்ளை எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் தின்னத் தொடங்கினாள்.

"ஐயோ மக்கா, அது வேண்டாம். டீச்சர், நான் தெரியாம..." என்று செல்லபாய் பதறினாள்.

"தின்னட்டும் அக்கா" என்றாள் பெமிலா. "அக்கா, நான் அண்ணைக்கு..."

"அதெல்லாம் பரவாயில்ல டீச்சர். எனக்குச் சட்டம் தெரியாது. தெரிஞ்சா கொண்டு வந்திருப்பனா? தப்பு எனக்க மேலதான்."

"இல்லக்கா. உங்க மேல தப்பே இல்ல."

செல்லபாய் மீண்டும் விரல்களைத் தேய்க்கத் தொடங்கினாள். "ஒரு காரியம் கேக்கட்டா டீச்சர்? எங்க வீட்டுல தெனமும் பயறுதான், கீரதான், சக்கதான். எல்லாம் வீட்டுப் பக்கத்து விளையில கெடக்கதுதான். தெனமும் நாங்க தின்னுகதையே ஆண்டவருக்க பிள்ளையளுக்குக் காணிக்கைன்னு கொண்டு குடுக்க மனசு வருமா? எனக்க பிள்ளைக்கும் ஒரு நாளு எல்லாரும் கை தட்டணும்னு ஆசதான். அதான் நாலு வீட்டுக்காரிய பாத்து மூக்குல விரல வைக்கிய மாதிரி நல்லதா வாங்குவோம்னு வாங்கினேன்."

"அக்கா, நல்லதுன்னா இதுதான் அக்கா. இந்தக் கீரையிலதான் இரும்புச் சத்து..."

அந்த நேரத்திலும் பாடம் எடுக்க வாய் வந்தது பாருங்கள். பெமிலா சட்டென்று நிறுத்தினாள். தன் நாக்கை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்: "அந்தப் பன்னையெல்லாம் பிள்ளைய தின்னுச்சா?"

ஜினிஷாதான் தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள். "குழி வெட்டிப் புதைச்சாச்சு."

"புதைச்சா? எல்லாத்தையுமா?"

"பின்ன என்ன செய்ய டீச்சர்?" என்றாள் செல்லபாய். "காணிக்கைன்னு ஜெபம் பண்ணி எடுத்து வச்சது. அத வீட்டுல வச்சுத் தின்னக் கூடாதுல்லா? அடுத்த வீட்டுக்குக் குடுத்தா, ஏன் சபையில இருந்து திரும்பி வந்துன்னு கேப்பாவ. என்ன சொல்ல? குப்பையில தட்ட எனக்குக் கை வரல. தெங்கு மூட்டுல குழி எடுத்து, ஆண்டவரே இது உமக்குள்ளதுதான்னு சொல்லி மூடினேன்." அவள் நிறுத்தி மகளைப் பார்த்தாள். "இவ கூடவே நின்னா. ஒரே ஒரு பன்னு தா அம்மான்னு கேட்டா. நான் குடுக்கல."

பெமிலாவால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்து நின்றாள். கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. சர்க்கரை, மைதா, வனஸ்பதி என்று அவள் அன்றைக்கு நினைத்ததெல்லாம் சரிதான். அதில் ஒன்றும் பொய்யில்லை. அந்தச் சரியை வைத்துக்கொண்டு அவள் செய்த காரியம்தான் இந்த வீட்டுத் தென்னை மரத்தடியில் கிடக்கிறது. ஒரு ரகசியக் குரலில் சொல்லியிருக்கலாம், அக்கா இந்த ஒரு தடவை இருக்கட்டும், அடுத்த வருஷம் பயறு கொண்டு வாங்க என்று. அறுபது பிள்ளைகளும் ஒரு நாள் ஒரு பன் தின்றால் எவருக்கும் எதுவும் வந்திருக்காது. நாலே வார்த்தை. அது அவளுக்கு வரவில்லை.

"என்ன மன்னிச்சிருங்க அக்கா" என்று செல்லபாயின் கையைப் பிடித்தாள். ஜினிஷாவைப் பார்த்து, "நீயும் மன்னிக்கணும் மக்கா" என்றாள். அந்தப் பிள்ளை கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தது.

செல்லபாய் கையை உதறவில்லை. சாம்பல் ஒட்டிய அந்த விரல்கள் பெமிலாவின் கைக்குள் சும்மா இருந்தன. பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"டீச்சர், குப்பைன்னு சொன்னது அறுபது பிள்ளைய முன்னால. மன்னிப்பு கேக்கது எனக்க அடுக்களையிலயா?"

பெமிலாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். இவ்வளவு தூரம் நடந்து வந்தது பெரிய காரியம் என்று அவள் தன்னையறியாமல் நினைத்திருந்தாள். யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"நாளைக்கு நிறைவு விழாவுல சொல்லுகேன் அக்கா. மைக்குல சொல்லுகேன். நீங்க ரெண்டு பேரும் வரணும்."

"நீங்க சொல்லுகது உங்களுக்க இஷ்டம்" என்றாள் செல்லபாய். "நாங்க வருவோமான்னு இப்பம் சொல்ல முடியாது. இவ சம்மதிக்கணும்." அடுப்புப் பக்கம் திரும்பி, கேத்தலில் தண்ணீர் வைத்தாள். பெமிலா சீனி போட்டே சாயா வாங்கிக் குடித்தாள். அது ஒரு பரிகாரமா என்று கேட்டால் இல்லை. வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சானல் கரையில் அஜிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காலையிலிருந்து தொடாத கை. வயிறு நிறைந்த பிள்ளைக்கு வாயும் திறந்தது.

"அம்மா, ஜினிஷா வருவாளாயிருக்கும். நீ சொல்லுகத வெளிய நின்னு கேட்டுட்டு, பெறவு உள்ள வருவேன்னு சொன்னா."

"அப்பிடியா சொன்னா?"

"ம். ஜன்னல் பக்கம் நிப்பாளாம்."

பெமிலாவின் நடை தளர்ந்தது. நாளைக்கு யார் யார் வருவார்கள்? போதகர் வருவார். டாக்டர் குடும்பம் முன்வரிசையில் இருக்கும். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையை அவளேதான் போனில் கூப்பிட்டாள், என் பேச்சைக் கேட்க வாருங்கள் என்று. அவர்கள் எல்லோர் முன்னாலும் நின்று, நான் ஒரு ஏழைப் பெண்ணின் காணிக்கையைக் குப்பை என்றேன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எந்த முகத்தோடு கீரையையும் பயறையும் பற்றிப் பேசுவது? பேச்சை முதலில் முடித்துவிட்டு, கடைசியில் பொதுவாக ஒரு வார்த்தை, யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் என்று... அப்படிச் சொன்னால் போதாதா?

"அம்மா, நெசமாவே சொல்லுவியா?" அஜிதா அண்ணாந்து பார்த்தாள். "எல்லாரும் இருக்கும்பமா?"

"பாப்போம் மக்கா."

மிட்டாய் கேட்டால் அவள் சொல்கிற அதே 'பாப்போம்'. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

அஜிதா பிடித்திருந்த கையை மெல்ல விட்டுவிட்டு, தனியாக முன்னால் நடந்தாள்.